ரெண்டாவது நெம்பர்

அந்தக் கேள்விய மறுக்கா ஒருக்காப் படிங்க அம்மிணி. குடும்பத்துக்கு வேண்டிய தானியம் சொந்த நெலத்துல வெளையுதா, இல்ல வெளியில வாங்கறீங்களா. அதான? வெளையுது, வாங்கறோம்னு ரெண்டு கட்டம் போட்டிருக்குது. ஒண்ணுல கோடு இழுத்துட்டு அடுத்த ஊட்டுக்குப் போயிரலாம்னு பாக்கறீங்க. வாங்கறோம்னு கோடு போட்டீங்கன்னா அதப் படிக்கறவன் என்ன நெனப்பான்? இந்தப் பாவாத்தாளுக்கு வெவசாயம் பண்ண வக்கில்லீன்னு நெனப்பான். வெளையுதுன்னு போட்டாப் பொய்யி. அதனால அந்தத் தாளக் கமுத்தி வெச்சுட்டுச் சித்த உக்காருங்க. மோரு இருக்குது, குடிங்க. மாடு நம்முளுது, மோரு நம்முளுது. அத வேண்ணா எழுதிக்கலாம்.

நான் இந்தத் தோட்டத்துக்குக் கட்டிக்கிட்டு வந்து முப்பத்தி நாலு வருசமாச்சு. முப்பத்தி மூணு வருசம் இந்த அடுப்புல ரேசன் அரிசி ஏறுனதில்லீங்க. வாங்குவோம், இல்லீங்கல. கார்டு இருக்குதே, ஏன் உடறது. வாங்கியாந்து கோழிக்குப் போடுவோம், மாவாட்டறப்பக் கலந்துக்குவோம். ஆனா சோறுன்னு வட்டல்ல விழுகறது எங்க வயல் நெல்லுதான். முக்கா ஏக்கரா, சோத்துக்குன்னே ஒதுக்குனது. மத்த நெலத்துல மஞ்சள் வரும், மக்காச்சோளம் வரும். அது எந்த ஊரு கோழி திங்குதோ, எந்த பேக்டரிக்குப் போகுதோ, நமக்குத் தெரியாது. முக்கா ஏக்கரா மட்டும் நம்ம வயித்துக்கு. எங்கூட்டுக்காரர் சாகறப்பக் கூட அதத்தான் சொன்னார், அந்த வயல மட்டும் உட்றாதன்னு. வேற என்னென்னமோ கூடச் சொன்னார், அதெல்லாம் எனக்கு ஞாபகமில்ல.

போன சித்திரைலருந்து ரேசன் அரிசிதாங்க. அதுக்குக் காரணம் ஒரே ஒருத்தன். பேரு நாச்சிமுத்து. அந்தப் பக்கம் தென்ன நாலு தெரியுதுங்களா, அதுலருந்து அவன் தோட்டம். மொறைக்கு எனக்குத் தம்பியாகோணும். திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறான். மாசத்துக்கு ஒருக்கா வருவான், கார்ல வருவான், வரப்புல கால வெச்சாச் செருப்பு அழுக்காயிரும்னு கார்லயே இருந்துட்டுப் போயிருவான். நெலத்த வாரத்துக்கு உட்டிருக்கறான். மாரப்பன்னு ஒருத்தன், அவம் பொண்டாட்டி ரங்கம்மா. அவங்க ரெண்டு பேரும் பாடுபடறது, வெளையறதுல பாதி அவனுக்கு, பாதி அவங்களுக்கு. அந்தப் பாதிதான் அவங்களுக்கு வருசச் சாப்பாடு. ரங்கம்மா நல்ல புள்ளைங்க. அவளப் பத்தி அப்பறம் சொல்றேன்.

எங்க டிரான்ஸ்பார்மர்ல ஏழு மோட்டாருங்க. நீங்க கேட்டீங்களே, கரண்டு எத்தன மணி நேரம் வருதுன்னு. காத்தால ஒம்பது மணிக்கு மூணு பேஸ் வந்தா பொழுதோட மூணு மணிக்குப் போயிரும். அந்த ஆறு மணி நேரத்துல ஏழு பேரும் ஓட்டோணும். ஏழு பேரும் ஒரே நேரத்துல சுச்சப் போட்டா வெடுக்குனு பீஸ் போயிரும். அதனால எங்க மாமனார் காலத்துலயே ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சாங்க. கடைக்கோடில இருக்கறவங்க மொதல்ல போடோணும். அவங்க மோட்டார் பிடிச்சு, தண்ணி வந்து தொட்டில விழுந்ததுக்கப்பறம், மோட்டார் ரூம்பு மேல ஒரு துண்டத் தூக்கிப் போடுவாங்க. துண்டு தெரிஞ்சா அடுத்தவங்க போடலாம். அப்படி ஏழு துண்டு விழுகறதுக்கு அரை மணி நேரம் ஆகும். நான் ஆறாவது. செவப்புத் துண்டு என்னுது. ஊருக்குள்ள எத்தன சண்ட வந்தாலும் அந்தத் துண்டு ஏற்பாட்ட மட்டும் யாரும் மீறுனதில்ல.

நாச்சிமுத்து மீறுனான். ரெண்டு வருசத்துக்கு முந்தி எண்ணூத்தம்பது அடிக்கு போர் போட்டு, பத்து எச்பி மோட்டார எறக்குனான். கனெக்சன் வாங்குனது அஞ்சு எச்பிக்கு. நானும் அஞ்சுக்கு வாங்கி ஏழரை போட்டிருக்கறேன், அது வேற கத. என் கெணறு ஆழமாப் போயிருச்சு, ஏழரை இல்லாட்டித் தண்ணி ஏறாது. அவன் அதோட உட்டானா? போன்ல ஓடற பொட்டி ஒண்ணு வாங்கி மாட்டுனான். திருப்பூர்ல உக்காந்துக்கிட்டுப் பொட்டிக்குப் போன் போட்டா, மோட்டார் இங்க ஓடும். ஆட்டோல போட்டு உட்டுட்டா, கரண்டு வந்த அந்த நிமிசமே தானா எடுத்துக்கும். பொட்டிக்குத் துண்டு ஏதுங்க? நாங்க கடைக்கோடிக்காரன் துண்டு எப்ப விழுகும்னு பாத்துட்டு நிப்போம், அவன் மோட்டார் அதுக்குள்ள ஊளையிட்டுக்கிட்டு ஓடும். மத்தவங்க மோட்டார் பாதி வேகத்துல முக்கும். அந்த வருசமே எனக்கு ஒருக்கா மோட்டார் காயல் கருகிப் போச்சு. யாருனால? நீங்களே சொல்லுங்க.

சரி, போன பங்குனிக்கு வாரேன். நெல்லு பால் பிடிக்கற சமயம். அன்னிக்கு நாலு மணி இருக்கும். மூணு பேஸ் போயாச்சு. மீதி ரெண்டு பேஸ்ல லைட்டு எரியும், பேன் சுத்தும், மோட்டார் ஓடாது. கண்டென்சர் ஒண்ணு மாட்டி உட்டா ஓடும். ஓட்டக் கூடாதும்பாங்க ஈபிக்காரங்க. அவங்க என்ன சொன்னாலும் கேக்க முடியுமா? எங்கூட்டுக்காரர் மாட்டுனது அது, நானா மாட்டல. எல்லாருந்தான் ஒரு காலத்துல ஓட்டுனாங்க. அப்பறம் மத்தவங்க கழட்டிட்டாங்க, அவங்களுக்குத் தண்ணி பத்துச்சு, கழட்டுனாங்க. அன்னிக்கு என் மோட்டார் மட்டுந்தான் ஓடிட்டிருந்துச்சு. வாய்க்கால்ல மடை திருப்பிட்டிருக்கறேன், டொம்முனு சத்தம். நிமுந்து பாத்தா டிரான்ஸ்பார்மர்ல பொகை. எண்ணெய் வழிஞ்சு கம்பமெல்லாங் கருப்பு.

லைன்மேன் வந்தான். மேல பாத்தான், என் மோட்டார் ரூம்புக்குள்ள எட்டிப் பாத்தான். கண்டென்சர்னாலதான் போச்சு பெரியம்மான்னான். அந்த லைன்மேனுக்கு நாச்சிமுத்து ஊட்டுல கோழிக் கொழம்பு ஊத்துனத நான் எங்கண்ணால பாத்திருக்கறேன். அவன் வேற என்ன சொல்லுவான்? நடந்தது என்னன்னா, காத்தால அவம் மோட்டார் இழுத்த இழுப்புல டிரான்ஸ்பார்மர் சூடேறிக் கெடந்திருக்குது. பொழுதோட வெடிச்சிருக்குது. அந்நேரத்துக்கு என் மோட்டார் ஓடுனது என் கெட்ட நேரம். இதுக்குப் பெரிய படிப்பு வேணுங்களா?

புது டிரான்ஸ்பார்மர் வர இருபத்திநாலு நாளாச்சு. ஏழு பேருக்கும் தண்ணியில்ல. மத்த ஆறு பேர்ல நெல்லு வெச்சிருந்தது யாருமில்ல. நாச்சிமுத்து வயல மாரப்பன் பத்து நாளைக்கு முந்தியே அறுத்துப் போட்டுட்டான். என்னோட முக்கா ஏக்கரா மட்டுந்தான் நின்னுது. கொடத்துல மொண்டு ஊத்துனனுங்க. கேக்கறவங்க சிரிப்பாங்க, முக்கா ஏக்கராவுக்குக் கொடத்துல தண்ணி. ரங்கம்மாளும் வந்து மொண்டு ஊத்துனா, யாரும் கூப்புடல, அவளா வந்தா. பால் பிடிக்கறப்பக் கதிர நெகத்துல நசுக்குனா வெள்ளையா வரோணும். நான் நசுக்குனேன், ஒண்ணுமில்ல. வயல் முச்சூடும் பதரு. மாட்ட அவுத்து உட்டேன் அதுக்குள்ள. மாடு மேயறதப் பாக்க முடியாம ஊட்டுக்குள்ள வந்து கதவச் சாத்திக்கிட்டேன்.

அன்னிக்குத்தான் நாச்சிமுத்துக்குப் போன் போட்டேன். உன் பொட்டியினால என் வயல் போச்சுன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? வெடிச்ச நேரத்துல எம் மோட்டார் ஓடவே இல்லியே அக்கா, நீங்க அந்தக் கண்டென்சரக் கழட்டி வீசுங்கன்னான். சொல்லிட்டுச் சிரிச்சான் அம்மிணி. பின்னால யாரோ அவங்கிட்ட என்னமோ கேட்டாங்க, அவங்களுக்குப் பதில் சொல்லிட்டே சிரிச்சான். அந்தச் சிரிப்ப நான் இன்னிக்கு வரைக்கும் மறக்கல. அன்னிக்கு முடிவு பண்ணுனேன். இவன் வயல் காயோணும். காஞ்சு, இவன் கார உட்டு எறங்கி என் வாசல்ல வந்து நிக்கோணும். என் தப்புதான் அக்கான்னு அந்த வாயில வரோணும். அது வரைக்கும் எனக்குச் சோறு எறங்காதுன்னு நெனச்சேன். எறங்குச்சு, ரேசன் சோறு எறங்குச்சு. அது இன்னுங் கடுப்பு.

இனிமேதான் விசியம். அந்தப் பொட்டி இருக்குதே, அது யாரு போன் போட்டாலும் கேக்காது. உள்ள நெம்பரப் பதிஞ்சு வெக்கோணும். மொத நெம்பர் நாச்சிமுத்துது. ரெண்டாவது நெம்பர் யாருதுன்னு நெனைக்கறீங்க? என்னுது. பொட்டி மாட்டுன அன்னிக்கு அவனே வந்து, அக்கா நான் அங்க இருக்கறேன், நீங்கதான் பக்கத்துல இருக்கறீங்க, வோல்டேஜ் எறங்குனா நிறுத்தி உட்ருங்கன்னு சொல்லி எம் போன வாங்கிப் பதிஞ்சான். மாரப்பன் நெம்பரப் போடல, வாரத்துக்காரன நம்பமாட்டான். மோட்டார் ரூம்பையும் பூட்டிச் சாவியத் திருப்பூருக்குக் கொண்டுட்டுப் போயிட்டான், கம்பி திருட்டுப் போகுதுன்னு. ஆக அந்த மோட்டாருக்கு ரெண்டே எசமானுங்க. ஒண்ணு அவன், ஒண்ணு நான்.

ஆவணில மாரப்பன் நெல்லு நட்டான். நட்டப்ப நான் ஒண்ணும் பண்ணல. பயிரு பச்சை கட்டட்டும், அவன் ஆசப்படட்டும்னு உட்டு வெச்சேன். ஐப்பசி மழ ஏமாத்திருச்சு, உங்களுக்கே தெரியும். அப்பறம் பொட்டித் தண்ணியத்தான் நம்பி இருந்துச்சு வயல். கதிர் வெளிய வந்த அன்னிக்கு ஆரம்பிச்சேன். ஒம்பது மணிக்கு அவம் மோட்டார் எடுக்கும். பத்து நிமிசம் உட்டுட்டுப் பொட்டிக்குப் போன் போடுவேன். உள்ளருந்து ஒரு பொம்பள பேசுவா, நல்ல செந்தமிழ்ல. வணக்கம், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த இரண்டை அழுத்தவும்பா. அமுத்துவேன். மோட்டார் நிறுத்தப்பட்டது, நன்றின்னு சொல்லுவா. அம்மிணி, எனக்கு இந்த அம்பத்தாறு வயசுல யாரும் அத்தன மரியாதயா நன்றி சொன்னதில்ல. அதக் கேக்கறதுக்காகவே சில நாள் அவம் மோட்டார் எப்ப எடுக்கும்னு காத்துட்டிருப்பேன்.

அவன் திருப்பூர்லருந்து மறுக்காப் போடுவான். நான் மறுக்கா நிறுத்துவேன். அவனுக்குக் கம்பெனில நூறு சோலி, ரெண்டு தடவ போடுவான், மூணு தடவ போடுவான், அப்பறம் உட்டுருவான். எனக்கு என்ன சோலி? மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டு ஒரு கையில போன வெச்சுக்குவேன். ஒரு நாளைக்கு ஏழு தடவ கூட நிறுத்தியிருக்கறேன். அந்த ஒரு மாசம் எனக்கு ஒடம்புல எந்த வலியும் தெரியல. கால் வீக்கம் கூட எறங்கிருச்சு. டாக்டருகிட்டப் போகவே இல்ல.

மாரப்பன் பூட்டுன ரூம்பு முன்னால நின்னு தலையச் சொறிவான். நாச்சிமுத்துக்குப் போன் போட்டு, மோட்டார் நின்னு நின்னு போகுதுங்கம்பான். அவன் வோல்டேஜ் பத்தலடா, நான் என்ன பண்ணட்டும்பான். நான் இங்கருந்து பாத்துட்டிருப்பேன். வயல்ல மொதல்ல வரப்போரம் மஞ்சளாச்சு. அப்பறம் நடுவுல வட்டம் வட்டமா. நாச்சிமுத்து நெல்லு காயுதுன்னு மனசுக்குள்ள ஒவ்வொரு வட்டமா எண்ணுனேன்.

ஒரு நாள் ரங்கம்மா வந்தா. ஆத்தா, உங்க கெணத்துலருந்து ஒரே ஒரு தண்ணி உடுங்க, பால் பிடிக்கற சமயம், வாய்க்கால நாங்களே வெட்டிக்கறோம்னா. எங் கெணத்துல தண்ணி இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. ஒரு தண்ணி உட்டிருந்தா அந்தப் பயிரு தப்பிச்சிருக்கும். தப்பிச்சா அதுல பாதி அவனுக்குப் போகுமே? அதுக்கா நான் இத்தன பாடுபட்டேன்? எனக்கே பத்தலம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன். அவ சரிங்க ஆத்தா, உங்களுக்கே போன வருசம் போச்சு, நீங்க என்ன பண்ணுவீங்கன்னுட்டுப் போனா. போறப்பக் கட்டுத்தரைல சாணி கெடந்தத வழிச்சுப் போட்டுட்டுப் போனா. அப்படித்தான், அவளுக்குக் கை சும்மா இருக்காது.

கார்த்திகைல அறுத்தாங்க. அறுத்தாங்கன்னு சொல்றதே தப்பு. தூத்தி எடுத்தா எல்லாங் காத்துல பறக்குது. ரெண்டு மூட்டை கூடத் தேறல, அதுவும் நொய்யி. நான் இங்க நின்னு பாத்தேன். நாச்சிமுத்துக்குப் போச்சுன்னு நெனச்சு மோரு கலக்கி நெறையாக் குடிச்சேன்.

மார்கழில ரேசன் கடைல வரிசைல நிக்கறேன். முன்னால ரங்கம்மா. அதுக்கு முந்தி அவள ரேசன் கடைல சர்க்கரை வாங்கப் பாத்திருக்கறேன், அரிசிக்குன்னு பை கொண்டாந்து பாத்ததில்ல. என்னப் பாத்ததும், ஆத்தா உங்களுக்குக் கால் வலிக்கும், நீங்க முன்னால வாங்கன்னு எடம் உட்டா. நான் முன்னால போயிட்டேன். அரிசி வாங்கிட்டுத் திரும்பறப்ப அவ பையப் பாத்தேன். அந்த அரிசி நாலு வாய்க்கு எத்தன நாளைக்கு வரும்? புருசன், ரெண்டு புள்ளைங்க, அவ. எனக்கு மனசு கேக்கல. நான் கல் நெஞ்சுக்காரி இல்லீங்க. எம் பைலருந்து பாதிய அவ பைல கொட்டுனேன். அன்னிலருந்து ஒவ்வொரு மாசமும் கொட்டறேன். இந்த ஊர்ல வேற யாரு அப்படிக் குடுப்பாங்க? கேட்டுப் பாருங்க. ரங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்றா, ஆத்தா மாதிரி ஆளு கெடையாதுன்னு. அந்த நாச்சிமுத்து பண்ணுன பாவம், இந்தப் புள்ளைங்க ரேசன் சோத்துக்கு வந்து நிக்குது.

என்ன அம்மிணி அப்படிப் பாக்கறீங்க? மோருல உப்பு போதலியா?

சரி, முடிச்சறேன். தைப் பொங்க நோம்பி கழிஞ்சு நாலாம் நாள். வாசல்ல கார் சத்தம். நாச்சிமுத்து எறங்கறான். எறங்குனவன் செருப்பக் கழட்டிட்டு, வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்புட்டான். நான் பங்குனிலருந்து எத நெனச்சுட்டிருந்தனோ அது அப்படியே நடக்குது. அவன் போனத் தூக்கிக் காட்டி, அக்கா எனக்கு எல்லாந் தெரியும்னான். அந்தப் பொட்டி ஒவ்வொரு தடவயும் அவனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்குது. இரண்டாம் எண் மோட்டாரை நிறுத்தியது, இரண்டாம் எண் மோட்டாரை நிறுத்தியதுன்னு வரிசையா. நன்றி சொன்ன அதே பொம்பள காட்டிக் குடுத்திருக்கறா. எனக்கு எப்படி இருந்துச்சுங்கறீங்க? பயமில்ல அம்மிணி. சத்தியமாச் சொல்றேன், சந்தோசந்தான். ஏன் பண்ணுனீங்கன்னு இவன் கேப்பான், நான் சொல்லுவேன். ஒம்பது மாசமா வாயில வெச்சிருந்த பேச்சு, ஒவ்வொரு சொல்லும் தயாரா இருந்துச்சு.

அவன் கேக்கல. சொன்னான்.

"நூத்தி நாப்பத்தி மூணு தடவக்கா. கூடப் பொறந்தவ கூட இப்படிக் காவல் இருக்கமாட்டா. வோல்டேஜ் எறங்க எறங்க நீங்க நிறுத்தி உட்டதுனால எம் மோட்டார் தப்பிச்சுது. நெல்லு போனாப் போகுது, கடைல கெடைக்கும். மோட்டார் போயிருந்தா வண்டி வெச்சு எண்ணூத்தம்பது அடிப் பைப்பத் தூக்கோணும்."

நெல்லு கடைல கெடைக்குமாம். கேட்டீங்களா? நான் அவன் வயலக் காய வெச்சுட்டேன்னு நெனச்சுட்டிருக்கறேன், அவனுக்கு அது ஒரு கொசுக் கடி கூட இல்ல. அவனுக்கு அந்த நெல்லு வேண்டியதே இல்ல, நெலம் சும்மா கெடக்கக் கூடாதுன்னு நட உட்டிருக்கறான். எனக்கு ஒடம்பு கொதிக்குது. உடக் கூடாதுன்னு கேட்டேன். போன வருசம் என் நெல்லு காஞ்சுதே, உனக்குப் போன் போட்டனே, ஞாபகம் இருக்குதாடான்னேன். அவன் நெத்தியச் சுருக்கி யோசிச்சான். அப்படியாக்கா, காஞ்சு போச்சான்னான். நடிக்கலீங்க. நெசமாவே அவனுக்கு ஞாபகமில்ல. அந்தச் சிரிப்பும் ஞாபகமில்ல. நான் ஒருத்திதான் அத வெச்சுக் கும்புட்டுட்டு இருந்திருக்கறேன்.

சொல்லிரலாம்னு வாயத் தொறந்துட்டேன். உன் மோட்டாரக் காப்பாத்தலடா, உன் குடியக் கெடுத்தேன்டா, நாந்தான்டான்னு. அப்பத்தான் பாத்தேன், அவன் பின்னால வேலியோரம் ரங்கம்மா நிக்கறா. அவங்கூடக் கார்ல வந்திருக்கறா. அவன் அவகிட்டயும் அந்த மெசேஜெல்லாங் காட்டியிருக்கறான். அவ முன்னால வந்து எங் கையப் புடிச்சுக்கிட்டா.

"நீங்க மோட்டாரக் காப்பாத்துனதுனால எங்கமேல பழி வரல ஆத்தா. இல்லாட்டி நாங்கதான் கெடுத்தோம்னு சொல்லியிருப்பாங்க."

வாய மூடிக்கிட்டேன். வேற என்ன பண்றது? நாச்சிமுத்து அங்கயே நின்னுக்கிட்டு அடுத்ததச் சொன்னான். வோல்டேஜ் இப்படி இருந்தா நெல்லு சரிப்படாது, இனித் தென்னதான், சொட்டுத் தண்ணி போட்டுட்டா ஆளு வேண்டியதில்ல, மாரப்பங்கிட்டயும் சொல்லிட்டேன்னான். சொல்லிட்டுக் கார்ல ஏறிப் போயிட்டான். ரங்கம்மா போகல. கட்டுத்தரைக்குப் போயிச் சாணி வழிச்சா. கூலி வேண்டாம் ஆத்தான்னா. இப்பத் தெனமும் வாரா. அதா, அங்க சாணி தட்டிட்டிருக்கறாளே, அவதான். நீங்க வந்தப்ப வாசல் கேட்டத் தொறந்து உட்டது அவதான். மெதுவாப் பேசுங்க.

எனக்கு இப்ப ராத்திரி பகல் ஒரே நெனப்புதான். பழி வாங்குனது யாருன்னு அவனுக்குத் தெரியாட்டி அது என்ன பழி? அவன் திருப்பூர்ல போற வாரவங்ககிட்டயெல்லாம் எங்கக்கா எம் மோட்டாரக் காப்பாத்துனான்னு சொல்லிட்டிருக்கறான். அதக் கேக்கறப்ப எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்குது. நாலு தடவ போன எடுத்துட்டேன், சொல்லிரலாம்னு. சொன்னா அவன் மொத வேலையா மாரப்பனத்தான் கூப்புடுவான். மாரப்பன் ஊட்டுல சொல்லுவான். அப்பறம் இவ என்ன பண்ணுவான்னு நெனைக்கறீங்க? திட்டுவாளா? திட்டுனா நான் தாங்கிக்குவேன், எனக்கும் வாயி இருக்குது. இவ திட்டமாட்டா. ஒண்ணுமே கேக்கமாட்டா. என்ன ஒரு பார்வ பாத்துட்டு, அடுத்த நாளும் வந்து சாணி வழிப்பா. அத என்னால முடியாது அம்மிணி.

அவனுக்குத் தெரியோணும். நாந்தான் பண்ணுனேன்னு அவன் வயிறெரியத் தெரியோணும். இவளுக்குத் தெரியக் கூடாது. நீங்க காலேஜ்ல பெரிய படிப்பெல்லாம் படிக்கறவங்க, அதுக்கு ஒரு வழி இருந்தாச் சொல்லுங்க.